காரீயம்

முதுநகர் ரயில்வே கேட் தாண்டி
ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டி என் கடை.
பெயர்ப் பலகை கிடையாது. தராசு தொங்கும்.
இரும்பு, பித்தளை, பழைய பேப்பர்,
மூச்சு நின்ற செல்போன்.

காலையில் செல்போன்களைப் பிரிப்போம்.
உப்பின பேட்டரி மணல் வாளிக்குள்.
போர்டுகள் கோணியில்.
ஒயரை எரிக்கக் கூடாது என்பது கடைச் சட்டம்:
எரித்த செம்பு கறுத்துப்போய்
கிலோவுக்கு அறுபது ரூபாய் குறையும்.
புகையைப் பற்றிய கவலை அப்புறம்தான் வந்தது,
பொய் சொல்வானேன்.

பிளேடு பிடித்துச் சீவிச் சீவி
தேசிங்குக்குக் கட்டைவிரலில் ரேகை இல்லை.
ரேஷன் கடை மெஷின்
அவனை ஆளென்றே ஒத்துக்கொள்வதில்லை.

எல்லாச் சரக்குக்கும் ஆள் வரும்,
பிக்சர் டியூபுக்கு மட்டும் வராது.

கார்த்திகை வெள்ளம் வடிந்த வாரம்
தலைச்சுமையாய்க் கொண்டுவந்து இறக்கினார்கள்,
கவர்மெண்ட் கொடுத்த பதினாலு இஞ்சு டிவிகள்,
சேறு கட்டி.
ஒன்றின் நெற்றியில் மஞ்சள் குங்குமம் அழியவில்லை.
ஒன்றுக்குள் நண்டு இருந்தது, உயிரோடு.
பிளாஸ்டிக்கை விற்றேன். போர்டை விற்றேன்.
கழுத்தைச் சுற்றின செம்புச் சுருளைக் கழற்றும்போது மட்டும்
தேசிங்கு என் பக்கம் பார்க்கவில்லை.
அதையும் விற்றேன்.
மிச்சம் கண்ணாடி.
முப்பத்தேழு.
கொல்லையில், முகம் மேலாக.

உடைத்தால் காரீயம் என்றார் லாரிக்காரர்.
பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வேறே,
அதை நம்பிச் சாப்பிடலாம்.
இது தண்ணீரில் இறங்கினால் யார் தேடினாலும் கிடைக்காது,
தேடாதவர் சோற்றில் கிடைக்கும்.

‘ராத்திரி ஒரு மணிக்கு
உப்பனாத்துல தள்ளிட்டு வந்துடறேன்க்கா.
ஊரே ஊத்துது,
நம்ம முப்பத்தேழுதான் கணக்கா?’
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
சரி என்றும் சொல்லவில்லை.
ஈயம் பூசின மாதிரியும்
பூசாத மாதிரியும்.

அன்றைக்கு மத்தியானம் அஞ்சலாட்சி வந்தாள்,
ஓட்டை அலுமினியச் சட்டியைப் போட.
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
கழுத்தளவு ஆற்றில் இறால் தடவுகிறவள்.
நாற்பத்திரண்டு ரூபாய்.
ஈர விரலால் இரண்டு தரம் எண்ணினாள்.
கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை,
ஆற்றின் அடியை அவளுக்கு விரல்தான் காட்டும்.
முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.
அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.
தேசிங்கிடம்தான் சொன்னேன்,
‘தள்ளாதே.’

இருங்காட்டுக்கோட்டை லாரி அடுத்த மாதம் வந்தது.
போர்டுக்குப் பணம் எண்ணினார்கள்.
கண்ணாடிக்கு,
‘கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபா, நீங்க தரணும்.’

இருபத்தாறு வருஷமாய் இந்தத் தராசு பார்த்தது
சரக்கு உள்ளே வரும், காசு வெளியே போகும்;
சரக்கு வெளியே போகும், காசு உள்ளே வரும்.
இரண்டும் ஒரே பக்கம் போனால்
அதற்குப் பெயர் வியாபாரமா?
‘பொண்ணைக் கட்டிக் குடுக்கற மாதிரி இருக்குதுக்கா’
என்றான் தேசிங்கு. சிரித்துவிட்டேன்.

இருபதுக்குத்தான் பணம் இருந்தது.
இடையில் பழந்துணி வைத்து
ஒவ்வொன்றாய் ஏந்தி ஏற்றினோம்.
படிவத்தில் நிறுவனத்தின் பெயர் என்று ஒரு கட்டம்.
ஜெமீலா பீவி என்று எழுதினேன்.
சாட்சிக்கு தேசிங்கு.
ரேகை வேண்டாம், கையெழுத்துப் போதும் என்றதும்
பேனாவை வாங்கி
தன் பெயரைக் கட்டத்துக்கு வெளியேயும் எழுதினான்.

பதினேழு இன்னும் கொல்லையில்.
இருட்டினால் ஐஸ் கம்பெனி டியூப்லைட்
பதினேழிலும் எரியும்.
தேசிங்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகு
ஒரு தரம் போய் எண்ணிவிட்டு வருவேன்.
நல்லவன்தான்.
ஆனாலும் எண்ணுவேன்.